கேள்வியின் எல்லையும் காட்சியின் எல்லையும்: ஒலி, ஒளி நிறுவல் கலை பற்றிய ஒரு மொழியியல் நோக்கு

1. முன்னுரை

ஒலியையும் ஒளியையுமே பொருளாகக் கொண்டு ஓர் அறையை அமைத்து, அதனுள் நுழைபவரின் புலன்கள் எதுவரை செல்லும், எங்கே நின்றுவிடும் என்பதைச் சோதிக்கும் கலைவகை கடந்த அரை நூற்றாண்டுக் காலத்தில் உலகெங்கும் வளர்ந்துள்ளது. 'இன்ஸ்டலேஷன்' எனப்படும் இக்கலை தமிழில் நிறுவல் கலை என்றும் நிர்மாணக் கலை என்றும் வழங்கப்படுகிறது. 2012ஆம் ஆண்டு கேரளத்தில் தொடங்கிய கொச்சி-முசிரிஸ் பினாலே என்னும் ஈராண்டுக் கலைவிழா, இத்தகைய படைப்புகளைத் தென்னிந்தியப் பார்வையாளர்க்கு நேரில் காட்டியது.

இக்கலை பற்றிய எழுத்துகளில் ஒரு கருத்து ஆராயப்படாமலே ஏற்றுக்கொள்ளப்படுவதைக் காணலாம். 'ஓவியத்திற்குக் கதை வேண்டும். நாடகத்திற்கு உரையாடல் வேண்டும். ஒலிக்கும் ஒளிக்கும் எதுவும் வேண்டா. அவை மொழி கடந்தவை. ஆகவே மொழிபெயர்ப்பும் வேண்டாதவை' என்பதே அக்கருத்து. இது சரியானதாயின், இக்கலையில் மொழியியலார்க்கோ மொழிபெயர்ப்பாளர்க்கோ வேலை இல்லை. இது தவறானதாயின், பார்வையாளருள் ஒரு பகுதியினர் தமக்கு என்ன கேட்கவில்லை என்பதையே அறியாமல் அறையை விட்டு வெளியேறுகின்றனர் என்றாகும். புலனுணர்வின் எல்லை செவியிலும் கண்ணிலும் மட்டும் அமைந்ததன்று. அதன் பெரும்பகுதி மொழியில் அமைந்தது என்பதை நிறுவுவதும், அந்நோக்கில் சில படைப்புகளை மதிப்பிடுவதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. கலைச்சொற்கள் காட்டும் வேறுபாடு

மலையாளக் கலை எழுத்தாளர்கள் இக்கலையைப் 'பிரதிஷ்டாபனம்' என்னும் சொல்லாலும் குறிக்கின்றனர். கோயிலில் திருவுருவை எழுந்தருளச் செய்யும் 'பிரதிஷ்டை'யோடு தொடர்புடைய சொல் இது. வைக்கப்பட்ட பொருள் ஒன்று அங்கே இருக்கிறது, காண்பவர் அதனிடம் வருகிறார் என்னும் குறிப்பு இதில் உண்டு. தமிழின் 'நிறுவல்' வேறு திசையில் செல்கிறது. நிறுவு என்னும் வினைக்கு நிலைநிறுத்துதல் என்ற பொருளோடு மெய்ப்பித்தல் என்ற பொருளும் உண்டு. தேற்றத்தை நிறுவுகிறோம், குற்றத்தை நிறுவுகிறோம். ஆகவே தமிழ்ச் சொல் தன்னை அறியாமலே படைப்பாளியிடம் ஒரு வினாவை எழுப்புகிறது: நீர் இவ்வறையில் எதனை நிறுவுகிறீர்?

புலனைக் குறிக்கும் சொற்களும் கருதத்தக்கவை. புலம் என்பது புலன் நுகரும் பொருளையும், வயலையும், திசையையும், அறிவையும் குறிக்கும். புலப்படுதல் என்பது கண்ணுக்குத் தெரிதலும் ஆகும். அறிவுக்கு எட்டுதலும் ஆகும். கேள்வி என்னும் சொல் இதனினும் செறிவானது. செவியால் கேட்டல், கேட்டுப் பெற்ற அறிவு, வினா ஆகிய மூன்றும் தமிழில் ஒரே சொல்லில் அடங்கும். மலையாளத்தில் இச்சொல் கேட்டல் என்னும் பொருளோடு நின்றுவிடுகிறது. வினாவுக்குச் 'சோத்யம்' என்னும் வேறு சொல் உண்டு. கேட்பவர் வினவுபவரும் ஆவார் என்னும் தமிழ்ச் சொல்லின் குறிப்பு, இக்கட்டுரை கூற விழைவதற்கு நெருக்கமானது. செவி வெறுமனே பெற்றுக்கொள்வதில்லை. தான் அறிந்த அமைப்பைக் கொண்டு ஒலியை வினவுகிறது.

3. எல்லை எங்கே உள்ளது?

மனிதச் செவி ஏறத்தாழ 20 ஹெர்ட்ஸ் முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரையுள்ள ஒலிகளைக் கேட்கும். கண் ஏறத்தாழ 380 முதல் 750 நானோமீட்டர் வரையுள்ள ஒளியைக் காணும் என்பன இயற்பியல் தரும் எல்லைகள். ஒலி, ஒளிக் கலைஞர் பலர் இவ்வெல்லைகளையே தம் களமாகக் கொண்டனர். அமெரிக்க இசையறிஞர் ஜான் கேஜ் 1951இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் எதிரொலியற்ற அறைக்குள் சென்றபோது, அமைதிக்கு மாறாக இரண்டு ஒலிகளைக் கேட்டதாகவும், அவை தம் உடலின் ஒலிகளே என விளக்கப்பட்டதாகவும் பதிவு செய்துள்ளார். முழு அமைதி என்பது உயிருள்ளவர்க்குக் கிட்டாது என்பதே அவர் கண்ட எல்லை. ஜேம்ஸ் டரல் மூலையும் விளிம்பும் புலப்படாத ஒளியறைகளை அமைத்து, ஆழம் என்னும் உணர்வே கண்ணை விட்டு நீங்கும் நிலையைக் காட்டினார்.

இவை உடற்கூற்றின் எல்லைகள். மொழி நுழைந்த உடனே எல்லை இடம் மாறுகிறது. ஆல்வின் லூசியர் 1969இல் படைத்த 'நான் ஓர் அறையில் அமர்ந்திருக்கிறேன்' என்னும் படைப்பு இதற்கு நல்ல சான்று. அவர் சில வாக்கியங்களைப் பேசிப் பதிவு செய்கிறார், அப்பதிவை அதே அறையில் ஒலிக்கச் செய்து மீண்டும் பதிவு செய்கிறார், இவ்வாறே தொடர்கிறார். அறையின் ஒத்ததிர்வு அலைவெண்கள் ஒவ்வொரு சுற்றிலும் வலுப்பெற, சொற்கள் கரைந்து இறுதியில் நீண்டு ஒலிக்கும் சுரங்கள் மட்டுமே எஞ்சுகின்றன. பேச்சின் தாளம் மட்டும் ஓரளவு தங்குகிறது. பேச்சு எந்தச் சுற்றில் பேச்சாக இல்லாமற் போயிற்று? இதற்கு ஒரே விடை இல்லை. முதற் சுற்றிலிருந்து கேட்டவர் சொற்களைத் தொடர்ந்து 'கேட்டுக்கொண்டே' இருப்பார். இடையில் நுழைந்தவர்க்கு அது தொடக்கம் முதலே இசை. இருவர் செவிகளும் ஒரே திறனுடையவை.

இம்முடிவை ஆய்வகமும் உறுதி செய்துள்ளது. 1981இல் ரெமெசும் அவர்தம் குழுவினரும் ஒரு வாக்கியத்தை மூன்று எளிய சைன் அலைகளாகக் குறைத்துக் கேட்கச் செய்தனர். முன்னறிவிப்பு இன்றிக் கேட்டவர் பலர்க்கு அது விந்தையான சீழ்க்கையொலி. 'இது பேச்சு' என அறிவிக்கப்பட்டுக் கேட்டவர்க்கோ வாக்கியமே விளங்கிற்று. 1976இல் மெக்கர்க், மெக்டொனால்டு ஆகியோர் கண்டறிந்த விளைவு ஒலியையும் ஒளியையும் இணைக்கிறது: செவிக்கு 'ப' வரிசை ஒலியும் கண்ணுக்கு 'க' வரிசை ஒலியை உச்சரிக்கும் உதடும் தரப்படின், கேட்பவர் இரண்டும் அல்லாத 'த' வரிசை போன்றதோர் ஒலியைக் கேட்கிறார். 1984இல் வெர்க்கரும் டீசும் வெளியிட்ட ஆய்வு எல்லை பிறக்கும் காலத்தையே காட்டுகிறது. ஆங்கிலச் சூழலில் வளரும் குழந்தைகள் ஆறு மாத அளவில் இந்தியின் பல்லொலி, நாவளையொலி வேறுபாட்டை உணர்கின்றனர். ஓராண்டு நிரம்பும் அளவில் அத்திறன் பெரிதும் குறைந்துவிடுகிறது. செவி பழுதுறவில்லை; தாய்மொழி தனக்கு வேண்டாததை ஒதுக்கக் கற்பித்துவிட்டது.

தமிழிலக்கணிகள் இவ்வுண்மையை வேறொரு வழியில் அறிந்திருந்தனர் எனலாம். எழுத்தின் கால அளவாகிய மாத்திரைக்குத் தொல்காப்பியர் தரும் அளவைகள் இரண்டு: கண்ணிமைத்தலும் கைந்நொடித்தலும். ஒன்று ஒளி மறைந்து தோன்றும் காலம். மற்றொன்று ஒலி எழுந்து அடங்கும் காலம். மொழியொலியின் அளவு ஒளியாலும் ஒலியாலும் ஒருங்கே வரையறுக்கப்பட்டமை வியக்கத்தக்கது. நன்னூலார் இயல்பான மாந்தரின் இமையும் நொடியும் என வரையறையை மேலும் இறுக்குகிறார். மகரக்குறுக்கத்திற்கும் ஆய்தக்குறுக்கத்திற்கும் அவர் கூறும் அளவோ கால் மாத்திரை. இமைப்பொழுதின் நாலில் ஒரு பங்கைத் தனித்து அளந்தறியும் செவி எதுவும் இல்லை. அக்குறுக்கம் தன் சூழலில், முழு அளவோடு ஒப்பிடப்பட்டு, அமைப்பை அறிந்தவர்க்கே புலப்படுகிறது.

4. இரு மூக்கொலிகள்: ஒரு கற்பனை நிறுவல்

இக்கருத்தை விளக்க நாமே ஒரு சிறு நிறுவலை மனத்தில் அமைத்துக்கொள்வோம். தமிழும் மலையாளமும் நாள்தோறும் கலந்து ஒலிக்கும் திருவனந்தபுரத்துப் பழவங்காடியில், கணபதி கோயிலுக்கு அருகே ஓர் இருண்ட அறை இருப்பதாகக் கொள்க. அறையில் ஓர் ஒலிபெருக்கி. எதிர்ச்சுவரில் ஒளியால் எழுதும் ஒரு கருவி.

ஒலிபெருக்கி இரண்டு மலையாளச் சொற்களை மாறி மாறி ஒலிக்கிறது. ஒன்று 'என்னால்' என்னும் பொருள் தருவது. அதன் இரட்டை மூக்கொலி நுனியண்ணத்தில் பிறப்பது. மற்றொன்று 'அப்படியானால்' என்னும் பொருள் தருவது; அதன் மூக்கொலி பல்லில் பிறப்பது. மலையாளம் ஆறு மூக்கொலிகளைப் பொருள் வேறுபாட்டுக்குப் பயன்படுத்தும் மொழியாகலின், மலையாளிக்கு இவை இரண்டு சொற்கள். தமிழர் பெரும்பாலோர்க்கு ஒரே சொல் திரும்பத் திரும்ப ஒலிப்பதாகவே தோன்றும். அறையில் ஒலி மாறிக்கொண்டே இருக்கிறது. ஒருவர்க்கு அது மாறவே இல்லை.

இனி ஒளிக்கருவியை இயக்குவோம். இவ்விரு சொற்களையும் மலையாள எழுத்தில் சுவரில் காட்டினால், இரண்டும் ஒரே வடிவாகவே தோன்றும். பொது வழக்கில் அவ்விரு மூக்கொலிகளுக்கும் எழுத்து ஒன்றே. தமிழ் எழுத்தில் காட்டினாலோ 'என்னால்', 'எந்நால்' என இரண்டாகும். தன் செவி பிரித்தறியாததைத் தமிழ்க் கண் பிரித்தறிகிறது. தன் செவி தெளிவாகப் பிரித்ததை மலையாளக் கண் ஒன்றாக்கிவிடுகிறது. தமிழில் முந்நூறு, முன்னூறு என்னும் இரு சொற்களை எண்ணிப் பார்த்தாலும் இது விளங்கும். எழுத்தில் பொருள் வேறு, வடிவு வேறு. இக்காலப் பேச்சில் ஒலி ஒன்றே.

ஒரே அறை, ஒரே அலைவெண்கள், ஒரே ஒளி. எனினும் இருவர்க்கும் எல்லைகள் வேறு. ஒருவரது எல்லை முடியும் இடத்தில் மற்றவரது எல்லை தொடங்குகிறது. 1956இல் மாநில எல்லை வகுக்கப்பட்ட பின்னரும் கன்னியாகுமரி மாவட்டத்திலிருந்து இந்நகருக்கு வந்து செல்லும் இருமொழியாளர் பலர் உளர். அவருள் இரு செவிகளையும் பெற்றவர்க்கு மட்டுமே இந்நிறுவல் முழுமையாகப் புலப்படும். 'மனிதப் புலனுணர்வின் எல்லை' என்று ஒருமையில் கூறுவது எத்துணைத் துணிவான கூற்று என்பது இதனால் தெளிவாகும்.

5. நூறு ஒலிவாங்கிகள்

இந்நோக்கில் கொச்சியில் காட்டப்பட்ட சில படைப்புகளைக் காண்போம். ஜிதிஷ் கல்லாட் தொகுத்தமைத்த 2014ஆம் ஆண்டுப் பினாலேயில், அனிஷ் கபூரின் 'டிசென்ஷன்' நிலத்தினுள் ஓயாது சுழன்றிறங்கும் நீர்ச்சுழியைக் காட்டிற்று. ரியோட்டா குவாகுபோவின் 'லாஸ்ட்' வரிசைப் படைப்பில், சிறு விளக்கேந்திய பொம்மை இரயில் ஒன்று இருட்டறையில் அன்றாடப் பொருள்களிடையே ஊர்ந்து, அவற்றின் நிழல்களைச் சுவரில் பெருநகரமாக எழுப்பிற்று. இவை மொழியின் துணையின்றி நிற்பவை என்பதில் ஐயமில்லை. அவற்றின் வெற்றியும் அளவும் அதுவே: அச்சமும் வியப்பும் எவர்க்கும் பொதுவாகக் கிடைக்கின்றன, அதற்கு மேல் எவரும் வினவப்படுவதில்லை. 2016ஆம் ஆண்டு விழாவில் கமில் நார்மென்டின் 'பிரைம்' ஒரு படி மேலே சென்றது. மர இருக்கைகளினூடே மனிதக் குரல்களின் முனகலொலி அதிர்வாகப் பரவ, அமர்ந்தவர் அதனைச் செவியாலும் உடலாலும் ஒருங்கே பெற்றனர். தொல்காப்பியர் உயிர்களின் அறிவை வகைப்படுத்துகையில் தொடுவுணர்வை முதலிலும் செவியறிவை ஐந்தாவதாகவும் வைத்தார்; இங்கே ஐந்தாவது முதலோடு வந்து சேர்கிறது. சொல் இல்லை, ஆனால் குரல் உண்டு. அம்முனகல் ஒருவர்க்குத் தாலாட்டாகவும் மற்றொருவர்க்கு ஒப்பாரியாகவும் படுமாயின், அங்கும் மொழிச் சமுதாயத்தின் பழக்கமே வேலை செய்கிறது.

நம் ஆய்வுக்கு மிகுதியும் உரியது ஷில்பா குப்தாவின் 2017-18ஆம் ஆண்டுப் படைப்பு. 'ஏனெனில், உன் நாவில் நான் அடங்கேன்' எனத் தமிழில் அதன் பெயரைக் கூறலாம். அஸர்பைஜானிய மரபின் கவிஞராகிய நசீமியிடமிருந்து பெற்ற தலைப்பு இது. 2018இல் எடின்பரோவிலும், அனிதா துபே தொகுத்தமைத்த 2018-19ஆம் ஆண்டுக் கொச்சிப் பினாலேயிலும், 2019இல் வெனிசிலும் இது காட்டப்பட்டது. மங்கிய விளக்கொளியில் நூறு ஒலிவாங்கிகள் மேலிருந்து தொங்குகின்றன. ஒவ்வொன்றின் கீழும் நிலத்தில் நடப்பட்ட ஓர் உலோகக் கம்பி. அதன் முனை கவிதைப் பகுதி ஒன்றைத் தாங்கிய தாளைக் குத்தி நிற்கிறது. எழுத்துக்காகவோ அரசியலுக்காகவோ சிறையிலடைக்கப்பட்ட, பல நூற்றாண்டுகளைச் சார்ந்த நூறு கவிஞர்களின் சொற்கள் அவை. ஓர் ஒலிவாங்கி ஒரு கவிதைப் பகுதியைச் சொல்ல, ஏனைய தொண்ணூற்றொன்பதும் சேர்ந்திசையாகத் திருப்பிச் சொல்கின்றன. அரபு, அஸெரி, ஆங்கிலம், இந்தி, ருசியம், ஸ்பானியம் முதலிய மொழிகள் ஒலிக்கின்றன.

இதில் முதலில் கருதத்தக்கது கருவியின் திருப்பம். ஒலிவாங்கி என்பது கேட்கும் கருவி. இங்கே அதன் மின்னிணைப்பு மாற்றப்பட்டு, பேசும் கருவியாகிறது. ஒலிவாங்கிக்கும் ஒலிபெருக்கிக்கும் அடிப்படை இயக்கம் ஒன்றே, திசைதான் வேறு. பேச்சைக் கேட்டல் என்பது, கேட்பவர் தம்முள் அதனை ஒலித்துப் பார்ப்பதோடு தொடர்புடையது என்னும் கொள்கையை லிபர்மன் முதலியோர் முன்வைத்தனர். அக்கொள்கை இன்றும் விவாதத்துக்குரியதே எனினும், அதற்கு இதனினும் பொருத்தமான உருவத்தைக் காண்டல் அரிது. வாக்குமூலம் பெறும் கருவியே சிறைப்பட்டவரின் வாயாகிறது என்னும் அரசியற் குறிப்பும் இத்திருப்பத்தில் உண்டு.

இரண்டாவது, தலைப்பின் சிக்கல். ஆங்கிலத்தின் 'டங்', பாரசீக, உருது மொழிகளின் 'ஸபான்', ருசியத்தின் 'யசிக்' ஆகியவை நாக்கு, மொழி ஆகிய இரண்டையும் ஒரு சொல்லால் குறிப்பவை. தமிழில் நா உறுப்பு, மொழி வேறு. நாநலம், நாவன்மை என்னும் தொடர்களில் நா பேச்சாற்றலைக் குறிக்குமேயன்றி, ஒரு சமுதாயத்தின் மொழியைக் குறிக்காது. 'உன் மொழியில் நான் அடங்கேன்' என்றால் உடல் மறைகிறது. 'உன் நாவில்' என்றால் ஆட்சிமொழி மறைகிறது. 'நாவில்' என்பதையே இக்கட்டுரை தேர்ந்தது, குத்தப்பட்ட தாள் குத்தப்பட்ட நாவாகவும் தோன்றுதலின். 'அடங்கேன்' என்னும் தமிழ் வினையோ ஓர் இழப்புக்கு ஈடு செய்கிறது: கொள்ளளவுக்குள் நில்லாமையையும் பணியாமையையும் அது ஒருசேரத் தருகிறது.

மூன்றாவது, படைப்பின் மையச் சிக்கல். அறையில் உலவும் ஒருவர்க்கு அம்மொழிகளுள் ஒன்றோ இரண்டோ தெரிந்திருக்கலாம். மற்றவை ஏற்ற இறக்கமாக, தாளமாக, முணுமுணுப்பாக மட்டுமே எட்டுகின்றன. தாளைப் படிக்க நெருங்கிக் குனிந்தால், அதற்குள் குரல் வேறு ஒலிவாங்கிக்குச் சென்றுவிடக்கூடும். மெக்கர்க் விளைவில் கண்ணும் செவியும் இணைந்து ஒரு புதிய ஒலியைப் படைக்கின்றன. இங்கோ கண்ணும் செவியும் ஒன்றையொன்று தவறவிடுகின்றன. சொல்லுக்காகச் சிறை சென்றவரின் சொல், கேட்பவரிடம் இனிய ஓசையாக மட்டும் வந்து சேருமாயின், அஃது இரண்டாம் முறை சிறைப்படுகிறது அன்றோ? 'புரியாவிட்டாலும் உருக்கமாக இருந்தது' என்னும் பாராட்டு, இப்படைப்பைப் பொறுத்தவரை ஒரு குறையையே சுட்டுகிறது.

எனினும் இக்குறையைப் படைப்பின் பிழையாக முடித்துவிடுதல் பொருந்தாது. தலைப்பே அடங்காமையைக் கூறுவது. புரியாத மொழியில் தொண்ணூற்றொன்பது குரல்கள் ஒன்றைத் திருப்பிச் சொல்லும்போது, 'இத்துணைப் பேர்க்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை' என்னும் உணர்வு எழுகிறது. லூசியரின் அறையில் சொற்கள் இயற்பியலால் கரைந்தன; இவ்வறையில் சொற்கள் கரையவே இல்லை, கேட்பவரே சொல்லின் எல்லைக்கு வெளியே நிறுத்தப்படுகிறார். தான் எல்லைக்கு வெளியே நிற்பதைக் கேட்பவர்க்கு உணர்த்தும் அளவிலேயே இப்படைப்பு மற்றவற்றினும் உயர்ந்து நிற்கிறது.

6. கோட்டைக்குள் ஒரு மண்டபம்

புலன்களின் எல்லையைக் கருதி ஒலியையும் ஒளியையும் அமைத்தல் நமக்குப் புதியதன்று. பழவங்காடியிலிருந்து கிழக்குக் கோட்டை வாயிலைக் கடந்து சென்றால் பத்மநாபசுவாமி கோயில். கருவறையில் பள்ளிகொண்ட திருவுருவை ஒரே நோக்கில் காண இயலாது. மூன்று வாயில்கள் வழியே பகுதி பகுதியாகவே காண்டல் வேண்டும். முழுமை கண்ணில் இல்லை. கண்டவற்றை இணைக்கும் மனத்தில் உள்ளது. தொல்காப்பியர் ஐம்புலனுக்கு மேல் ஆறாவதாக மனத்தை வைத்தமை இங்கு நினையத்தக்கது.

கோயிலை அடுத்துள்ள நவராத்திரி மண்டபத்தில், ஆண்டுதோறும் ஒன்பது மாலைகள் சுவாதித் திருநாளின் கீர்த்தனைகளை முதன்மையாகக் கொண்ட இசையரங்குகள் நிகழ்கின்றன. எண்ணெய் விளக்குகளின் ஒளியில், கைதட்டல் இன்றி, வழிபாடாக நிகழும் அரங்கு அது. மேற்கூரைப் பகுதியில் கவிழ்த்து அமைக்கப்பட்ட மண்பானைகள் ஒலியைச் சீர்செய்வனவாகக் கருதப்படுகின்றன. இக்கால நிறுவல் கலை பலவற்றில் எல்லை, மிகுவிப்பதால் எட்டப்படுகிறது; இங்கோ குறைப்பதால் எட்டப்படுகிறது. ஒளி குறையக் குறையச் செவி கூர்மையடைகிறது.

இம்மண்டபத்திலும் எல்லை வெறும் புலனைச் சார்ந்ததன்று. அங்குப் பாடப்படும் நவராத்திரிக் கீர்த்தனைகளின் மொழி சமஸ்கிருதம். கேட்பவர் பெரும்பாலோரின் தாய்மொழி மலையாளமோ தமிழோ ஆகும். இராகம் அறிந்தவர்க்குச் சொல் விளங்காமற் போகலாம். சொல் அறிந்தவர்க்கு இராகம் பிடிபடாமற் போகலாம். மேலும், பாறசாலை பொன்னம்மாள் 2006இல் பாடும்வரை அம்மண்டபத்தில் பெண் குரல் ஒலித்ததில்லை. பானைகள் எக்குரலையும் தடுக்கவில்லை. அலைவெண்ணின் எல்லையும் இடையில் இல்லை. எது கேட்கத்தக்கது என்பதை மரபு முடிவு செய்திருந்தது. அம்முடிவு மாறிய நாளில் அதே மண்டபம் அக்குரலையும் ஒலித்தது.

7. முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பெறப்படுவன வருமாறு:

அ. ஒலி, ஒளி நிறுவல் கலை காட்டும் எல்லைகள் இருவகை. ஒன்று உறுப்பின் எல்லை. மற்றொன்று பயிற்சியின், சிறப்பாக மொழிப்பயிற்சியின் எல்லை. முன்னது மாந்தர்க்குப் பெரிதும் பொது. பின்னது மொழிதோறும் வேறுபடும்.

ஆ. குரலோ எழுத்தோ இடம்பெறும் நிறுவல்களை 'மொழி கடந்தவை' எனல் பொருந்தாது. அவ்வாறு கூறும்போது, எம்மொழியார்க்கு எது கேட்கவில்லை என்னும் வினா மறைக்கப்படுகிறது.

இ. ஆகவே இக்கலைக்கும் மொழிபெயர்ப்பாளர் தேவை. அவர்தம் பணி சுவரில் தொங்கும் விளக்கக் குறிப்பைப் பெயர்ப்பதோடு முடிவதன்று. எந்த மொழி எந்தப் பகுதியில் ஒலிக்கிறது, அதில் எந்த ஒலி வேறுபாடு பொருளைத் தாங்குகிறது, எது பெயர்க்கப்படாமல் விடப்பட்டது என்பவற்றைப் பார்வையாளர்க்கு அறிவித்தலும் அப்பணியுள் அடங்கும். சைன் அலைப் பேச்சாய்வு காட்டியது போல, 'இது பேச்சு' என்னும் ஓர் அறிவிப்பே கேட்பவரின் எல்லையை மாற்றவல்லது.

ஈ. தமிழில் இக்கலை பற்றி எழுதுவோர்க்குப் புலம், புலப்பாடு, கேள்வி, காட்சி, மாத்திரை ஆகிய பழஞ்சொற்கள் போதிய கருவிகளாக உள்ளன. புதிய கலைச்சொல் ஆக்கத்திற்கு முன் இவற்றின் பொருட்பரப்பை வரையறுத்துக்கொள்ளுதல் நலம்.

கொச்சி அறையின் நூறு குரல்களுள் தமக்கு விளங்கியவை எத்தனை என ஒவ்வொருவரும் எண்ணிப் பார்ப்பராயின், தம் செவியின் எல்லையோடு தம் மொழியின் எல்லையையும் அறிந்தவராவர். விளங்காதவற்றை விளங்கச் செய்யும் கடமை மொழிபெயர்ப்பாளருடையது.